சாய்ந்த அட்டியின் கனவளவு

கலைப்பீடத்திற் பயில்வோருக்குக் கணிதத்தோடு உள்ள உறவு க. பொ. த. சாதாரண தரத்தோடு முடிந்துவிடுகிறது என்பது நம்மிடையே நிலவும் பொதுவான எண்ணம். அவ்வுறவு முடிந்ததையிட்டு மகிழ்வோரே அதிகம். சங்க இலக்கியம் பற்றியும் நாட்டார் பாடல் பற்றியும் கட்டுரைகள் இடம்பெறும் ஒரு மலரிலே சாய்ந்த பெட்டி ஒன்றின் கனவளவைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயினும் இக்கட்டுரைக்கு வித்தாக அமைந்த சிக்கல் ஒருவகையிற் சொல் பற்றிய சிக்கலே. 'உயரம்' என்ற சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள் எது என்ற வினாவே அதன் அடியில் உள்ளது.

அன்றாட வழக்கிலே உயரம் என்பது ஒரு பொருளின் உடம்போடு ஒட்டிய அளவாகும். ஒருவர் பாயிற் படுத்திருந்தாலும் அவருடைய உயரம் ஐந்தரை அடிதான். சரிந்து வளர்ந்த பனையின் உயரத்தைச் சீவற்தொழிலாளி தண்டின் வழியே ஏறித்தான் அறிகிறார். வட்டிலிருந்து நிலத்துக்கு நேரே ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு அதன் நீளத்தை எவரும் கேட்பதில்லை. கேத்திரகணிதமோ வேறு வழக்கை உடையது. அங்கே உயரம் என்றால் அடித்தளத்துக்குச் செங்குத்தாக எடுக்கப்பட்ட தூரமே. ஐயம் நீங்கவேண்டிய இடங்களிலே பாடநூல்கள் 'செங்குத்துயரம்' என்றும் 'சாயுயரம்' என்றும் பிரித்து வழங்குகின்றன. இவ்விரு வழக்குகளும் ஒரு கொடுக்கல் வாங்கலிலே நேருக்கு நேர் மோதியதைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

தெல்லிப்பழையில் எங்களுக்கு 4 பரப்புக் காணி உண்டு. பிற இடத்து வாசகருக்காக ஒரு குறிப்பு: யாழ்ப்பாணத்திலே 'பரப்பு' என்பது கேத்திரகணிதச் சொல் மட்டுமன்று, 10 பேர்ச் கொண்ட நில அளவும் அதுவே. 16 பரப்புச் சேர்ந்தால் ஓர் ஏக்கர். 'பரப்பளவு காண்க' என்று ஆசிரியர் கூறும்போது இங்குள்ள பிள்ளைகள் தோட்டத்தை நினைப்பது இயல்பே. 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபோது என் தந்தையார் பாடசாலை மாணவர். 2009 ஆம் ஆண்டின் பின்னர் காணிகள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. எங்கள் காணிக்குள் நாங்கள் மீண்டும் கால்வைத்தபோது அங்கே கூரையற்ற இரண்டு சுவர்களும், அவற்றைப் பிளந்து வளர்ந்த ஓர் அரசமரமும், தூர்ந்த கிணறும் அதன் அருகே ஒரு மண்மேடும் இருந்தன. வீடு ஒன்று கட்டவேண்டும். அதற்கு முதலில் அத்திவாரத்துக்குக் கல் வேண்டும்.

கல்லும் மணலும் சல்லியும் நம் நாட்டிலே 'கியூப்' கணக்கில் விற்கப்படுகின்றன. ஒரு கியூப் என்பது 100 கன அடி. 10 அடி நீளமும் 10 அடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள இடத்தை நிரப்பும் அளவு. இவ்வளவில் ஒரு வேடிக்கை உண்டு. கற்களுக்கிடையே உள்ள வெற்றிடத்துக்கும் சேர்த்தே நாம் விலை கொடுக்கிறோம். நெருக்கமாக அடுக்குபவரிடம் வாங்குபவர் இலாபமடைகிறார். கல் ஏற்றிவந்தவர் நெருக்கமாகவே அடுக்கித் தந்தார் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். உழவு இயந்திரப் பெட்டியில் ஒவ்வொரு முறையும் ஏற்றிய அளவு கூடியும் குறைந்தும் இருந்தமையால், கல்லை நிலத்திலே அட்டியாக அடுக்கி அளந்து பணம் கொடுப்பது என்று பேசப்பட்டிருந்தது. அவர் அந்த அட்டியைக் கிணற்றடி மேட்டிற் சார்த்தி அடுக்கினார். கற்கள் வரிவரியாகக் கிடையாகவே இருந்தன. ஆனால் ஒவ்வொரு வரியும் கீழ்வரியிலும் சிறிது மேட்டுப்பக்கம் தள்ளி அமைந்தது. அடியில் 10 அடி நீளம், 5 அடி அகலம். மேலேயும் அதே 10 அடி நீளம், 5 அடி அகலம். ஆனால் மேல்வரி அடிவரியை விட 3 அடி மேட்டை நோக்கி நகர்ந்திருந்தது. பக்கத்திலே நின்று பார்த்தால் அட்டி ஓர் இணைகரமாகத் தோன்றியது. கணித மாணவர் இத்தகைய உருவை இணைகரத்திண்மம் என்பர். நான் சாய்ந்த பெட்டி என்று வைத்துக்கொள்கிறேன்.

கல்லுக்கு உரியவர் அளவுநாடாவை அட்டியின் முன்முகத்தோடு ஒட்டி வைத்து 5 அடி என்றார். 10 × 5 × 5 = 250 கன அடி; ஆகவே இரண்டரைக் கியூப். எங்கள் மேசனார் அதை ஏற்கவில்லை. அட்டியின் மேல் விளிம்பிலிருந்து மட்டக்கோல் ஒன்றைக் கிடையாக வெளியே நீட்டி, அதிலிருந்து தூக்குக்குண்டை அடிவிளிம்புக்கு நேராக இறக்கினார். கோல் வெளியே நீண்டது 3 அடி. நூல் இறங்கியது 4 அடி. 10 × 5 × 4 = 200 கன அடி; ஆகவே இரண்டு கியூப். வேறுபாடு அரைக் கியூப். ஒன்றரை அடி அகலமும் இரண்டடி உயரமுமாக இடப்படும் அத்திவாரத்திலே ஏறத்தாழ 17 அடி நீளத்துக்கு வேண்டிய கல் அது. கடன்பட்டு வீடு கட்டுவோருக்கு அது சிறு தொகையன்று. டீசலுக்கும் கூலிக்கும் கைக்காசு போட்டவருக்கும் அது சிறு தொகையன்று.

கல்லுக்கு உரியவர் கூறிய நியாயம் இன்றும் என் காதில் நிற்கிறது. அங்கே சரிந்து நின்ற எங்கள் பழைய சுவரைக் காட்டி, "தம்பி, உந்தச் சுவரை இடிச்சு எவ்வளவு கல்லு வருமெண்டு பாக்கிறதெண்டால் எப்பிடி அளப்பியள்? சுவரோட ஒட்டித்தானே நாடா பிடிப்பியள்? அதுக்கொரு நியாயம், இதுக்கொரு நியாயமோ?" என்று என் தந்தையாரைக் கேட்டார். மேசனார், "உயரமெண்டால் நேர் உயரம்தான் ஐயா, வேற கதை இல்லை" என்றார். ஈற்றில் இரண்டு கியூப்புக்கே பணம் கொடுக்கப்பட்டது. அவர் வாங்கிக்கொண்டார், ஆனால் முகம் தெளியவில்லை.

மேசனாரின் விடை சரி. ஆனால் அவர் காரணம் கூறவில்லை, விதியைத்தான் கூறினார். மற்றவரின் விடை பிழை. ஆனால் அவர் காட்டிய உதாரணம் முற்றிலும் சரியானது. சரிந்த சுவரை நாம் சுவரோடு ஒட்டித்தான் அளக்கிறோம். அவ்வாறு அளப்பதே முறை. அப்படியாயின் அட்டிக்கு மட்டும் ஏன் வேறு முறை? இவ்வினாவுக்கு விடை கூறாமல் ஒருவரைப் பொய்க் கணக்குக்காரர் என்று எண்ணி அனுப்பிவிடுவது நேர்மையாகாது. அவரும் எங்களைப் போல இடம்பெயர்ந்து திரும்பியவரே.

விடை, சாய்வில் இரு வகை உண்டு என்பதிலே தங்கியுள்ளது. சுவர் சரியும்போது அது முழுமையாகத் திரும்புகிறது. அதன் அடிவரியும் மேல்வரியும் சேர்ந்தே சரிகின்றன. வரிக்கும் முகத்துக்கும் இடையே முன்பிருந்த செங்கோணம் சரிந்த பின்னும் செங்கோணமாகவே இருக்கிறது. சரிந்த சுவர் சாய்ந்த பெட்டியன்று. சாய்த்து வைக்கப்பட்ட நேர்ப்பெட்டி. தலையணையிற் சாய்ந்து படுத்தவர் உயரங் குறைந்தவராகாதது போல, அதன் அளவுகளும் மாறவில்லை. அட்டியிலோ வரிகள் கிடையாகவே இருந்துகொண்டு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி நகர்ந்துள்ளன. இங்கே செங்கோணம் அழிந்துவிட்டது. அழிந்த செங்கோணத்தோடு பழைய பெருக்கல் விதியும் போய்விடுகிறது.

இதனை வீட்டிலுள்ள இரு பொருள்களைக் கொண்டு எவரும் சோதித்துப் பார்க்கலாம். முதலாவது, அப்பியாசக் கொப்பிகளின் அடுக்கு. நேராக அடுக்கிய இருபது கொப்பிகளை ஒரு பக்கமாக மெல்லத் தள்ளினால் அடுக்குச் சாய்கிறது. சாய்ந்த விளிம்பு நீள்கிறது. ஆயினும் ஒரு கொப்பியேனும் கூடவுமில்லை, குறையவுமில்லை. மேசையிலிருந்து மேற்கொப்பிக்கு உள்ள தூரமும் மாறவில்லை. இரண்டாவது, தீப்பெட்டியின் வெளி உறை. அதன் இரு திறந்த வாய்களையும் பார்த்தபடி விரலால் ஒரு மூலையை அழுத்தினால் உறை சாய்கிறது. இங்கே விளிம்புகளின் நீளம் மாறுவதில்லை. அட்டையின் நான்கு முகங்களும் முன்போலவே உள்ளன. ஆனால் உள்ளே உள்ள இடம் குறைந்துகொண்டே போய், உறை தட்டையானதும் ஒன்றுமில்லாமற் போகிறது. கொப்பி அடுக்கிலே கனவளவு நிலைக்கிறது, விளிம்பு மாறுகிறது. தீப்பெட்டியிலே விளிம்பு நிலைக்கிறது, கனவளவு மாறுகிறது. 10, 5, 5 அடி விளிம்புகளையுடைய பெட்டி நேராக நின்றால் 250 கன அடி. அதே விளிம்புகளோடு சாயச்சாய 200, 100 என்று இறங்கிச் சுழி வரையிலும் போகலாம். மூன்று விளிம்புகளின் நீளத்தை மட்டும் கொண்டு கனவளவைக் கூற இயலாது.

அட்டியின் கனவளவு 200 கன அடியே என்பதைக் காட்ட வேறோர் எளிய வழியும் உண்டு. சாய்ந்த முன்முகத்தின் மேல் விளிம்பிலிருந்து நேரே கீழே ஒரு வெட்டு வெட்டுவதாகக் கொள்வோம். முன்பக்கத்தில் 3 அடி அடியும் 4 அடி உயரமும் உள்ள ஆப்புப் போன்ற துண்டு பிரியும். அதைத் தூக்கி மறுமுனையிலே, மேட்டைச் சார்ந்த சாய்முகத்தின் கீழே உள்ள இடத்துக்குள் வைத்தால் இம்மியும் பிசகாமற் பொருந்தும். இப்போது நம்முன் இருப்பது 10 அடி நீளம், 5 அடி அகலம், 4 அடி உயரம் உடைய நேர்ப்பெட்டி. யூக்கிளிட்டு தமது நூலின் 11 ஆம் பாகத்திலே, ஒரே அடித்தளத்தில் ஒரே உயரத்தோடு நிற்கும் இத்தகைய திண்மங்கள் கனவளவிற் சமம் என்பதை 29 ஆம், 30 ஆம் கூற்றுகளாகவும், அடித்தளங்கள் வேறாயினும் பரப்பளவிற் சமமாயிருந்தாற் போதும் என்பதை 31 ஆவது கூற்றாகவும் நிறுவியுள்ளார். 1635 ஆம் ஆண்டு தமது நூலை வெளியிட்ட இத்தாலியரான கவலியேரி கொப்பி அடுக்கின் கருத்தையே பொதுமைப்படுத்தினார்: இரு திண்மங்களை ஒரே மட்டத்தில் எங்கே வெட்டினாலும் வெட்டுமுகங்கள் பரப்பளவிற் சமமாயின், அத்திண்மங்கள் கனவளவிற் சமம். சீனத்திலே சூ கெங் என்பார் அவருக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே இக்கருத்தைக் கொண்டு கோளத்தின் கனவளவைக் கண்டார்.

நாடாவைச் சாய்முகத்தோடு ஒட்டிப் பிடித்தது தன்னளவிற் பிழையன்று என்பதையும் இங்கே கூறவேண்டும். 5 அடி என்ற அந்த அளவைக் கொண்டே சரியான விடையைப் பெறலாம். அவ்வாறாயின் 10 அடி என்ற நீளத்தைக் கைவிட வேண்டும். சாய்ந்த விளிம்புக்குச் செங்குத்தாக அட்டியைக் குறுக்கே வெட்டினாற் கிடைக்கும் முகத்தின் ஒரு பக்கம் 5 அடி. மறுபக்கம் 10 அடியின் ஐந்தில் நான்கு பங்கு, அதாவது 8 அடி. 8 × 5 = 40 சதுர அடி; அதனைச் சாய்விளிம்பான 5 அடியாற் பெருக்க மீண்டும் 200. எந்த அளவையும் எடுக்கலாம்; ஆனால் அது எதற்குச் செங்குத்து என்று கேட்டே மற்றையதை எடுக்கவேண்டும். சரிந்த சுவரை அளக்கும்போது தடிப்பைச் சுவர்முகத்துக்குச் செங்குத்தாக எடுக்கிறோம். அதனாலேதான் அங்கே கணக்குப் பொருந்துகிறது. அட்டியிலே சாய்ந்த அளவையும் கிடையான அளவையும் ஒன்றோடொன்று பெருக்கியமையே சிக்கலுக்குக் காரணம். அன்றே இதனை அவருக்கு எடுத்துச் சொல்லியிருந்தால் முகம் தெளிந்திருக்கும் என்று நம்புகிறேன். மேசனாரின் விதி அவரை மடக்கியது. இது அவருடைய நாடாவுக்கும் ஓர் இடம் கொடுக்கிறது.

மேற்பரப்பளவு வேறு விதமாக நடந்துகொள்கிறது. 4 அடி உயர நேர்ப்பெட்டிக்கு மேலும் கீழும் 50 சதுர அடி வீதம் 100. நீண்ட பக்கங்கள் 40 வீதம் 80. முனை முகங்கள் 20 வீதம் 40. மொத்தம் 220 சதுர அடி. சாய்ந்த அட்டிக்கு முதல் நான்கு முகங்களிலும் மாற்றமில்லை. நீண்ட பக்கங்கள் செவ்வகத்திலிருந்து இணைகரமாகிவிட்டன. எனினும் அடி 10, உயரம் 4 என்பன மாறாமையால் அவற்றின் பரப்பளவு 40 ஆகவே உள்ளது. முனை முகங்கள் மட்டும் 5 × 5 ஆகி 25 வீதம் 50 ஆகின்றன. மொத்தம் 230. கல் கூடவில்லை, வெளியே தெரியும் முகம் 10 சதுர அடி கூடிவிட்டது. இரு திசைகளிலும் சாய்ந்த பெட்டியாயின் நீண்ட பக்கங்களும் கூடும். பக்கமுகங்கள் அனைத்தையும் ஒருங்கே காண வேண்டுமாயின், மேலே கூறிய செங்குத்து வெட்டுமுகத்தின் சுற்றளவைச் சாய்விளிம்பாற் பெருக்கலாம்: 8, 5, 8, 5 சேர்ந்து 26, ஐந்தாற் பெருக்க 130. அடியும் மேலுமான 100 ஐக் கூட்டினால் அதே 230.

கல் வியாபாரத்திலே மேற்பரப்புக்கு விலையில்லை. சாந்து பூசுவோருக்கும் வெள்ளையடிப்போருக்கும் மாத்திரமே அது கணக்கு. ஆயினும் அந்த அட்டியிலே மேற்பரப்பை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கற்கள் யாவும் புதிதாக உடைத்தவையல்ல. சிலவற்றின் ஒரு முகத்திலே பழைய சுண்ணாம்புச் சாந்தும் அதன்மேல் நீல வர்ணமும் ஒட்டியிருந்தன. எங்கோ ஒரு வீட்டின் அறைச்சுவராக நின்ற கற்கள் அவை. எங்கள் ஊரிலே இடிந்த வீடுகளின் கற்கள் பல கை மாறி வேறு வீடுகளின் அத்திவாரங்களுக்குட் போயிருக்கின்றன. நீல முகம் உள்ள கற்களை அம்மா தனியாக எடுத்து வைக்கச் சொன்னார். மேசனார், "அத்திவாரத்துக்குள்ளை போறதுக்கு வர்ணம் பாத்து என்ன செய்யிறது, அக்கா?" என்றார். அவை தனியாகவே வைக்கப்பட்டன. கிணற்றுக்கட்டுக்குப் பின்னர் பயன்பட்டன.

விஞ்ஞானபீடத்திற் பயிலும் தோழி ஒருத்தி இக்கணக்கைக் கேட்டுவிட்டு மூன்று வரிகளில் முடித்துக் காட்டினாள். பெட்டியின் ஒரு மூலையிலிருந்து புறப்படும் மூன்று விளிம்புகளையும் மூன்று காவிகளாகக் கொண்டு, அவற்றின் கூறுகளை ஒரு துணிகோவையாக எழுதினாள்: முதல் வரியில் 10, 0, 0, இரண்டாவதில் 0, 5, 0, மூன்றாவதில் 3, 0, 4. விரித்தால் 10 × 5 × 4 மட்டுமே எஞ்சுகிறது. சாய்வைக் குறிக்கும் 3 துணிகோவைக்குள் இருந்தும் விடைக்குள் வரவில்லை. அது பெருக்கப்படும் இடங்களெல்லாம் சுழிகள். பெட்டி எத்திசையிற் சாய்ந்தாலும் இம்முறை பயன்படும் என்றாள். அவளுடைய முறை அழகானது. எனக்கோ ஆப்புத் துண்டை வெட்டி மறுபுறம் வைப்பதே பிடித்திருக்கிறது.

காவி, துணிகோவை, அரியம், கனவளவு ஆகிய சொற்களைத் தமிழ்நாட்டு மாணவர் கேட்டால் சற்றே திகைப்பர். அங்கே துணிகோவையை அணிக்கோவை என்பர். அரியத்தைப் பட்டகம் என்பர். இரு கரையிலும் தனித்தனியே கலைச்சொல் ஆக்கியதன் விளைவு இது. குறையாக இதனை நான் கருதவில்லை. எனினும் ஒருவர் நூலை மற்றவர் வாசிக்க ஓர் ஒப்பீட்டு அகராதி வேண்டியிருக்கிறது. தமிழிலே உயர்கணிதம் எழுதும் முயற்சி யாழ்ப்பாணத்தில் மிகப் பழையது. அமெரிக்க மிசனரிமார் 1816 ஆம் ஆண்டு தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் தம் பணியைத் தொடங்கினர். தெல்லிப்பழையில் இருந்த டானியல் பூவர், 1823 இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டைச் செமினரியின் தலைவரானார். அச்செமினரியில் உருவான கறல் விசுவநாதபிள்ளை 1855 இல் வீசகணித நூலைத் தமிழில் வெளியிட்டார். அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள். தாமோதரம்பிள்ளை தெல்லிப்பழை மிசன் பாடசாலையிற் கற்று வட்டுக்கோட்டைக்குச் சென்றவர். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தவரும் வீசகணிதம் எழுதியவரும் ஒரே கல்விச்சாலையிலிருந்து புறப்பட்டனர் என்பதைக் கலைப்பீடத்தார் நினைவிற் கொள்வது நன்று.

கற்களைப் பற்றிப் பேசும்போது அவை எடுக்கப்பட்ட இடத்தையும் குறிப்பிட வேண்டும். எங்கள் ஊருக்கு வடக்கே காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1950 ஆம் ஆண்டிலிருந்து 1990 வரை இயங்கியது. அதற்காகச் சுண்ணக்கல் அகழப்பட்ட இடங்களில் ஆழ்ந்த குழிகள் எஞ்சியுள்ளன. அங்கிருந்து போன கல்லின் கனவளவை ஒருவர் கணிக்க முற்பட்டால் சாய்ந்த பெட்டியின் விதி போதாது. பெட்டியின் எதிர்முகங்கள் ஒரே பக்கமாகச் சாய்வன. குழியின் சுவர்களோ எதிரெதிராக உள்நோக்கிச் சாய்வன. மேல்வாய் அகன்றும் அடி ஒடுங்கியும் இருக்கும். மேற்பரப்பளவையும் அடிப்பரப்பளவையும் கூட்டி இரண்டாற் பிரித்து ஆழத்தாற் பெருக்குவது பலர் கையாளும் வழி. நான்கு பக்கமும் சரிந்த குழிக்கு அது உண்மையிலும் சற்றுக் கூடுதலான விடையையே தரும். நடு ஆழத்தில் ஒரு வெட்டுமுகத்தை எடுத்து, அதன் பரப்பளவை நான்கு மடங்காக்கி, மேலும் கீழுமான பரப்பளவுகளோடு கூட்டி, ஆறாற் பிரித்து ஆழத்தாற் பெருக்கினால், சுவர்கள் சீராகச் சரிந்திருக்கும் வரை விடை சரியாக வரும். எம்முறையாயினும் ஆழத்தைச் சுவரோடு ஒட்டி நாடா பிடித்து அளக்க முடியாது. வாயின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி, அதிலிருந்து குண்டு கட்டிய நூலை நேரே அடிவரை இறக்கவேண்டும்.